கிணற்றுக் கணக்குக்கு கிராஃப் வேண்டுமா?

தேவதானத்தில் மாமாவின் தென்னந்தோப்புக் கிணற்றுக்காகச் சின்னதாக ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் கயிற்றை விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று பார்ப்பார்; கூடவே மழை எத்தனை மில்லிமீட்டர். இரண்டு எண்கள், அவ்வளவுதான். ஆறு மாதம் போனதும் கிராஃப் போடும் ஆசை வந்தது. எனக்குத்தான், அவர் கேட்கவில்லை.

ஐப்பசியில் சாஸ்தா கோயில் மலை கருத்து, மழை கொட்டியது. 32 அடியில் கிடந்த தண்ணீர் 21 அடிக்கு வந்தது. மாமா ஃபோன் செய்தார்: "கிணறு ஏறியிருக்கு மாப்ள, கோடு ஏன் கீழ எறங்குது?"

ஆழத்தை அப்படியே வரைந்திருந்தேன். எண் குறைந்தால் கோடு இறங்கத்தானே செய்யும்! தரைமட்டத்தை மேலே வைத்து அச்சைக் கவிழ்த்த பிறகுதான் கிணறு கிணறாகத் தெரிந்தது. வெறும் பட்டியலில் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இன்றைக்கும் நேற்றைக்கும் வித்தியாசம், மாத மழை மொத்தம் ஆகியவைதான் கேள்வி என்றால் பட்டியலே போதும். மேலே ஒரு வரி மட்டும் சேருங்கள்: 'போன வருஷம் இதே நாள்: 27 அடி.' கிராஃபின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எக்செல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கணக்கைக் கோப்பாக வெளியே எடுக்க ஒரு பொத்தான் வையுங்கள், வேலையும் குறைவு. விரலால் பெரிதாக்கி, இழுத்து, வண்ணம் மாற்றும் கிராஃபெல்லாம் வேண்டாம். உச்சி வெயிலில் ஃபோனைப் பார்ப்பவருக்கு அது தொல்லை.

பட்டியலுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது, மாறாத ஒரே ஒரு கிராஃப். அதைப் போடுவதானால் மழையைப் பட்டைகளாகவும் நீர்மட்டத்தைக் கோடாகவும் போடுங்கள். ஒவ்வொரு நாள் மழையும் தனி. நீர்மட்டம் தொடர்ந்து வருவது. 1786-லேயே வில்லியம் பிளேஃபேர் என்பவர் தன் நூலில் இந்த இரண்டு வகையையும் போட்டுக் காட்டிவிட்டார். மழை இல்லாத நாளுக்குச் சுழியம். கயிறு விடாத நாளுக்கு இடைவெளி. இரண்டையும் கலந்தால் கிராஃப் பொய் சொல்லும். அளக்கும் நேரமும் மாறக்கூடாது. வானிலைத் துறைக்குக் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாள் மழை. நினைத்த நேரத்தில் அளந்தால் ஒரு நாள் மழை இன்னொரு நாள் பட்டையில் போய்ச் சேரும்.

அவசரமும் வேண்டாம். இந்தப் பக்கத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருவது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பதிவாகாமல் கோட்டுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் அந்த கிராஃபைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்து மாமாவிடம் நீட்டினேன். ஏதாவது கேட்டால் மட்டும் நிரல் எழுதலாம் என்று எண்ணம். அவர் பங்குனியில் கோடு சட்டென்று இறங்கிய இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கனதான் மாப்ள, பக்கத்துத் தோட்டத்துல போர் போட்டான்."

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன்.