குறை கூறலும் குறை கேட்டலும்

திருவண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வழியில், மலைக்கு மேற்றிசையில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா நாள்தோறும் அவ்வூரின் வழியே எண்ணற்ற மக்கள் நடந்து செல்வர். அவர்களுள் தெலுங்கு பேசுவோர் பலர்.

அவ்வழியோரத்தில் பூ விற்கும் தாய் ஒருத்தியையும், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அவள் மகளையும் மனக்கண்ணால் காண்போம். ஆந்திர நாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவர் பூச்சரங்களைச் சுட்டி, “எந்த?” என்று வினவுகிறார். எந்தப் பூ என்று கேட்கிறார் போலும் என எண்ணிய தாய், மல்லிகையைக் காட்டுகிறாள். பின்னர்க் கனகாம்பரத்தைக் காட்டுகிறாள். பின்னர் அரளியையும் காட்டுகிறாள். முதியவர் கேட்டதோ விலை. தெலுங்கில் ‘எந்த’ என்னும் சொல்லுக்கு ‘எவ்வளவு’ என்பது பொருள். ஒருவர் கருத்து ஒருவர்க்கு விளங்காமையால் முதியவர் வெறுங்கையுடன் அப்பால் செல்கிறார். ஒரு சொல்லை அறியாமையால் ஒரு விற்பனை கெட்டது. அன்றிரவே தெலுங்கு பயில்வதென்று மகள் உறுதி கொள்கிறாள்.

மொழி பயில்வோர்க்கு முதற்பகை மறதியே ஆகும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, ஆசிரியர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவன் அதனை மறவாமல் வந்து ஒப்புவித்தல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாறாகிய ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார். கற்றதைச் சிறிது இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சியே அது.

மறதி இயங்கும் முறையை ஆராய்ச்சியால் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு காலத்தில் நினைவினின்று நீங்குகின்றன என்று அளந்தார். முடிவுகளை 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்கிறது. நாள் செல்லச் செல்ல அதன் வேகம் தணிகிறது. ஆதலின், மறக்கும் தறுவாயில் ஒரு சொல்லை மீண்டும் நினைவுகூர்ந்தால், அது முன்னினும் நெடுங்காலம் மனத்தில் தங்கும்.

இவ்வுண்மையை நாள்தோறும் கையாள உதவுவது சொல்லட்டை. ஒரு பக்கத்தில் அயல்மொழிச் சொல்லும் மறுபக்கத்தில் அதன் பொருளும் எழுதிய சிறு தாளட்டையே அது. செபாஸ்டியன் லைட்னர் என்னும் எழுத்தாளர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவ்வட்டைகளைப் பல அறைகளுடைய பெட்டியில் இட்டுப் பயிலும் முறையை விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளில் உள்ளவற்றை நீண்ட இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். 1987-ஆம் ஆண்டில் போலந்து நாட்டு மாணவராகிய பியோத்தர் வோஸ்னியாக் என்பார் இப்பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். 2006-ஆம் ஆண்டில் டேமியன் எல்ம்ஸ் என்பார் ‘அன்கி’ என்னும் செயலியை வெளியிட்டார். அச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்பது பொருள்.

நம் மாணவியும் தாயின் கைப்பேசியில் இத்தகைய செயலி ஒன்றைக் கொண்டு தெலுங்கு பயிலத் தொடங்கினாள் எனக் கொள்வோம். ஒரு திங்களில் நூறு சொற்களைக் கற்றாள். வீட்டில் எல்லா அட்டைகளுக்கும் பிழையின்றி விடை கூறினாள். ஆயினும், கடையில் நின்றபோது அவள் நா எழவில்லை.

காரணம் யாது? ‘இரவை’ என்னும் தெலுங்குச் சொல்லைக் கண்டால் ‘இருபது’ என்று உடனே சொல்வாள். விலை கேட்பவரிடம் இருபது என்பதைத் தெலுங்கில் சொல்ல வேண்டிய பொழுதோ, அச்சொல் நினைவிற்கு வருவதில்லை. செயலி அவளைத் தெலுங்கிலிருந்து தமிழுக்கே பழக்கியிருந்தது. தமிழிலிருந்து தெலுங்குக்குப் பழக்கவில்லை. இரண்டாவது குறை ஒலியைப் பற்றியது. ரோசாப்பூவுக்குத் தெலுங்கில் ‘குலாபி’ என்று பெயர். அதன் முதலெழுத்து ‘தங்கம்’ என்பதிலுள்ள ககரம் போலவும், ஈற்றெழுத்து ‘அம்பு’ என்பதிலுள்ள பகரம் போலவும் ஒலித்தல் வேண்டும். தமிழெழுத்தில் மட்டும் கற்றவள் இரண்டையும் வல்லொலியாகவே உரைத்தாள். கேட்டவர்க்கு அது விளங்கவில்லை. மூன்றாவதாக, முழுநிலா நாளும் அதற்கு முன்பின் நாட்களும் தாய்க்குத் துணைநின்றமையால் அவளால் பயில இயலவில்லை. நான்காம் நாள் செயலியைத் திறந்தபோது, தேங்கிய அட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. அவள் மனம் தளர்ந்தாள்.

இந்நிலையில் அவள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்றும் பேசாமல் செயலியைக் கைவிடலாம்; பெரும்பாலோர் செய்வது இதுவே. “இது பயனற்றது” என்று ஒரே சொல்லில் இகழ்ந்து எழுதலாம். சினம் தணியுமேயன்றிக் குறை தீராது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எடுத்துரைக்கலாம். அரியதும் நல்லதும் இதுவே.

நல்ல குறை கூறலுக்கு உறுப்புகள் மூன்று. நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நேர்ந்தது இது என்று முறையாகச் சொல்லுதல் வேண்டும். “ஒலி இல்லை” என்பதை விட, “குலாபி என்னும் சொல்லை நான் உரைத்தவாறு கேட்டவர்க்கு விளங்கவில்லை, தெலுங்கர் ஒருவர் உச்சரிப்பதைக் கேட்க வழி இருந்தால் பயன்படும்” என்பது சிறந்தது. நோயாளி “உடம்பு சரியில்லை” என்று மட்டும் கூறினால் மருத்துவர் யாது செய்வார்? வலிக்கும் இடத்தையும் நேரத்தையும் கூறினாலன்றோ மருந்து அமையும்?

குறை கேட்பவர்க்கும் கடமை உண்டு. கேட்டவற்றையெல்லாம் செய்துவிடுதல் அறிவுடைமையன்று. “முழுநிலா நாட்களில் கணக்கையே நிறுத்திவிடுங்கள்” என்று மாணவி கேட்டிருக்கலாம். ஆயின், கணக்கு நின்றாலும் மறதி நிற்பதில்லை. அவள் உண்மையில் வேண்டுவது, தேங்கிய பணியைக் கண்டு மனம் தளராதிருத்தல். நாளொன்றுக்கு இத்தனை அட்டைகளே வரும் என்று வரம்பு அமைத்தால், அத்தேவை நிறைவேறும். மறதியும் ஓரளவு தடைப்படும். கேட்ட பொருளுக்கு அடியிலுள்ள தேவையைக் காண்பதே கேட்பவரின் திறன்.

மேற்கூறிய அன்கி செயலியின் வரலாறு இதற்குச் சான்றாகும். அதில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. தொடக்கத்தில் அது 2.5 ஆகும், அதாவது, சரியாகச் சொல்லுந்தோறும் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகும். ஒருவர் சிலமுறை தவறினால் அவ்வெண் படிப்படியாகக் குறைந்து 1.3 வரை இறங்கும். பின்னர் அச்சொல்லை நன்கு கற்றுக்கொண்டாலும், எண் எளிதில் உயராமையால் அட்டை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். இத்தொல்லையைப் பயில்வோர் பலர் பலகாலும் எடுத்துக் கூறினர். அவர்களுள் ஆராய்ச்சித் திறன் வாய்ந்த இளைஞர் ஒருவர், கற்பவரின் பழைய விடைகளிலிருந்தே மறதியைக் கணிக்கும் புதிய முறையை வகுத்து, அதனை யாவரும் காணத் திறந்து வைத்தார். 2023-ஆம் ஆண்டில் அம்முறை அச்செயலியிலேயே இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே, படத்தின் ஒரு பகுதியை மறைத்து அதன் பெயரைக் கேட்கும் வசதியும் சேர்ந்தது. உடற்கூற்றைப் பயிலும் மருத்துவ மாணவர்க்குப் பெரிதும் பயன்படும் இவ்வசதி, அதற்குமுன் பயன்படுத்துவோர் தாமே இணைத்துக்கொண்ட துணைக்கருவியாக இருந்தது.

அச்செயலியில் சுவையான வழக்கு ஒன்றும் உண்டு. எட்டு முறை மறந்துபோன சொல்லைத் தனியே எடுத்து வைத்து, அதற்குக் குருதி உறிஞ்சும் அட்டையின் பெயரை ஆங்கிலத்தில் சூட்டியுள்ளனர். பயில்வோரின் நேரத்தை அது உறிஞ்சுவதே காரணம். தமிழிலோ இரண்டிற்கும் பெயர் ஒன்றே! அத்தகைய அட்டை பயில்பவரின் மந்தத்தைக் காட்டுவதாக எண்ணலாகாது; அட்டை செம்மையாக எழுதப்படவில்லை என்பதையே அது பெரும்பாலும் உணர்த்தும். வெறுஞ்சொல்லை நீக்கி, “பூலு எந்த?” என்பது போன்ற சிறு தொடராக மாற்றி எழுதினால் அச்சொல் மனத்தில் பதியும். தவறும் ஒரு செய்தியே.

மாணவர்களே! ஒரு கருவியைச் செய்பவர் எத்துணைப் பேரறிவினராயினும், கிரிவலப் பாதையோரத்தில் பூக்கடையில் நின்று பார்த்தவர் அல்லர். அங்கே நேரும் இடர்ப்பாட்டை அறிந்தவள் அம்மாணவி ஒருத்தியே. அவள் வாய் திறவாவிடின், அவ்விடர் இல்லாதது போலவே ஆகிவிடும். நகரத்தாரும் பிறமொழியாளரும் கூறிய குறைகளே தீர்க்கப்படும். “நான் சிற்றூரில் வாழ்பவள், என் சொல்லை யார் கேட்பார்?” என்று அவள் வாளாவிருந்தால், அவளுக்குப் பின் வரும் தமிழ்ச் சிறுவரும் அதே இடத்தில் தடுக்கி விழுவர். ஆதலின், குறையைத் தெளிவாகவும் பணிவாகவும் எடுத்துரைப்பது பிறர்க்குச் செய்யும் தொண்டாகும். அதனைப் பொறுமையுடன் கேட்டுத் திருந்துவது பெருந்தன்மையாகும்.

மற்றொரு முழுநிலா நாள் வருகிறது. அதே பாதையில் ஒரு மூதாட்டி நின்று ரோசாப்பூவைச் சுட்டி, “எந்த?” என்று வினவுகிறாள். மாணவி தயங்காமல், “இரவை ரூபாயலு” என்கிறாள். மூதாட்டியின் முகம் மலர்கிறது. தாயும் அச்சொல்லை மெல்லத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.