கம்பம் பள்ளத்தாக்கில் ஆட்டிசமும் நிறுவனங்களின் நிதியும்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிறுவனங்கள் தரும் உதவியில் பெரும்பகுதி, சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சிறப்புக் கல்வியும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சியும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016-இல் வந்த உரிமைச் சட்டம் அதை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய தேனி மாவட்டத்தின் தொழில்கள் நூற்பாலை, போடியின் ஏலக்காய் வணிகம், கம்பத்தின் பன்னீர் திராட்சை, லாரி, காற்றாலை எனப் பலவகை. இவற்றில் பல குடும்ப வணிகங்கள். கம்பெனியாகவே பதிவு பெறாதவை, பெற்றாலும் வரம்புக்கு வெகு கீழே நிற்பவை. அதனால் சட்டப்படி செலவிட வேண்டிய பணம் பெரும்பாலும் வெளியூரில் தலைமையகம் கொண்ட தனியார் வங்கி, நிதி நிறுவனம், காற்றாலை நிறுவனம் ஆகியவற்றிடம் இருக்கிறது. அந்தத் தலைமையகத்தில் உட்கார்ந்து திட்டம் தீட்டுபவருக்குக் கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் எத்தனை நேரம் ஆகும் என்பது தெரிந்திருப்பதில்லை. திட்டங்கள் பிசகுவது அநேகமாக இங்கேதான்.

தேவையின் அளவைத் தோராயமாகவாவது கணிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021-இல் உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. அதே விகிதம் இங்கும் பொருந்தினால் ஏறக்குறைய 9,800 பேர். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. இவர்களில் பலருக்குப் பிடிவாதக்காரன், ஊமை, சாமி குற்றம் என்ற பெயர்கள்தான் கிடைத்திருக்கும்.

உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2-ஐ ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் அறிவித்தது. 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. நீல விளக்கு, நீலச் சட்டை, நடைப்பயணம், பிளக்ஸ் பலகை என்று நிறுவனங்களுக்கு எளிதாகக் கைவரும் நிகழ்ச்சி இது. ஆனால் மாரத்தான், விளம்பரம் போன்ற, ஒருமுறை மட்டும் நடக்கும் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். செலவாகக் கருதப்படா என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூன் மாதச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. நிறுவனத்தின் பொருளுக்கு விளம்பரம் தேடித் தரும் ஆதரவையும் பின்னர் வந்த விதிகள் விலக்கின. ஒலிபெருக்கியும் கைதட்டலும் பட்டாசும் நிறைந்த மண்டபத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுவது வேறு. யாருக்காகக் கூட்டமோ அவர்களே இருக்க முடியாத கூட்டமாக அது முடிகிறது. மேடை போட்டே ஆக வேண்டுமென்றால் மைக் இல்லாமல், சிறு குழுக்களாக, அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆகியோரை அழைத்து நடத்துவது பயன் தரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரும்பியதை விரல் நீட்டிக் காட்டாத ஒன்றரை வயதுக் குழந்தையை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். காசோலையோடு குழந்தையை நிறுத்திப் படமெடுப்பது பெற்றோர் மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் சம்மதம். அதைத் தவிர்ப்பதே மரியாதை.

அடுத்து நிறுவனங்கள் விரும்புவது முகாம். மதுரைக்கு வெளியே அரவிந்த் கண் மருத்துவமனை முதலில் கிளை விட்ட ஊர் தேனி. கண் முகாம் என்றால் என்னவென்று இந்த வட்டாரத்தில் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே அச்சில் ஆட்டிசம் முகாமும் போடப்படுகிறது. கண்புரைக்கு முகாமுக்குப் பின் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது, பார்வை திரும்புகிறது. ஆட்டிசத்துக்கு முகாமுக்குப் பின் இருப்பது வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் தொடரும் பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி. அதற்கு ஆள் இல்லாத இடத்தில் முகாம் நடத்திப் பட்டியல் எடுப்பது, பெற்றோரின் கையில் ஒரு பெயரை மட்டும் கொடுத்து அனுப்புவது. அந்தப் பெயர் கிளப்பும் பயத்தைக் காசாக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்றும், அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கு மீறல் என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்தது. இதற்குப் பின்னும் நிலத்தை விற்று ஊசி போட நினைக்கும் குடும்பத்திடம் இதைச் சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டும். அப்படிப்பட்ட ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதே நிறுவனம் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம்.

சம்பளம் என்றதும் நிறுவனங்கள் தயங்குகின்றன. கட்டடம், வேன், தொடுதிரைக் கருவி ஆகியவற்றில் பெயர் எழுதலாம், சம்பளத்தில் எழுத முடியாது என்பது ஒரு காரணம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இதைத் தடுக்கிறது என்ற தவறான எண்ணம் இன்னொன்று. அந்த உச்சவரம்பு நிறுவனத்தின் சொந்த சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. பேச்சுப் பயிற்சியாளரும், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியரும் பெறும் ஊதியம் திட்டச் செலவே. தொடர் திட்டம் என்று முதலிலேயே தீர்மானம் போட்டால், தொடங்கிய ஆண்டை விட்டு மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்கலாம். செலவழியாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனிக் கணக்குக்கு மாற்றினால் போதும். இதைச் செய்யாத நிறுவனங்கள்தாம் மார்ச் மாதக் கடைசியில் அவசரமாகப் பயிற்சிப் பொருள் வாங்கிக் கொடுக்கின்றன. பணத்தைப் பெறும் தொண்டு அமைப்பும் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளோடு மூன்றாண்டு அனுபவமும், கம்பெனி விவகார அமைச்சகம் தரும், 2021 ஏப்ரலில் வந்த சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் வைத்திருக்க வேண்டும். சிறு அமைப்புகள் பல இங்கேயே நின்றுவிடுகின்றன. இந்தப் பதிவுகளை முடித்துத் தரும் தணிக்கையாளரின் கட்டணத்தை உள்ளூர் வணிகர் ஒருவர் ஏற்றால், பெரிய நிறுவனத்தின் பணத்துக்கு வழி திறக்கும்.

பயிற்சியாளரைக் குழந்தையிடம் சேர்ப்பது அடுத்த சிக்கல். இதற்குப் பார்க்க வேண்டிய இடம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே தெற்கே இருக்கும் ஆய்க்குடி. 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் அங்கு தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமப் பெண்களைச் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. நிபுணர்கள் கைபேசிச் செயலி வழியாகக் குழந்தையின் முன்னேற்றத்தைப் பார்த்துப் பயிற்சியை மாற்றிச் சொல்கிறார்கள். கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் கானாவிலக்கு அதற்கும் அப்பால். ஹார்ன் சத்தமும் நெரிசலும் தாங்காத குழந்தையைப் பேருந்தில் கொண்டுபோய்த் திரும்பினால் அன்றைய பயிற்சியின் பலன் வழியிலேயே தீர்ந்துவிடும். அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் ஒருநாள் கூலி போகிறது. விடியும் முன்பே கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக ஜீப்பில் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார் பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். பகலில் குழந்தையோடு இருப்பது அப்பத்தா அல்லது அம்மாச்சி. ஆகவே பயிற்சி தர வேண்டியது அந்தக் கிழவிக்கு. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது எப்படி, அடம் பிடிக்கும்போது அடிக்காமல் என்ன செய்வது என்பதெல்லாம் அச்சிட்ட கையேட்டில் அவரிடம் போய்ச் சேராது. நேரில் செய்துகாட்ட வேண்டும். பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

பள்ளியைப் பொறுத்தவரை வட்டார வள மையங்களும் அவற்றின் சிறப்பாசிரியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இணையாக ஒன்றைத் தொடங்குவதைவிட, அவர்களோடு சேர்ந்து வகுப்புக்கு ஓர் உதவியாளரைக் கொடுப்பது மேல். வண்ண விளக்கு வைத்த விலையுயர்ந்த உணர்வுப் பயிற்சி அறையைவிடச் சத்தமில்லாத ஒரு மூலையும் பாயும் பெரும்பாலான பள்ளிகளுக்குப் போதும்.

வேலை விஷயத்தில் பணக்கொடையைவிட நிறுவனத்தின் கதவு பெரிது. மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013-இல் உலக அளவில் அறிவித்த 'ஆட்டிசம் அட் வொர்க்' திட்டத்தின் முன்னோட்டங்களில் ஒன்று பெங்களூரில் நடந்தது. வழக்கமான நேர்காணலை விட்டு, செய்துகாட்டும் வேலையை வைத்து ஆளெடுப்பது அதன் முறை. போடியில் ஏலக்காயைப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை, ஒழுங்கும் கூர்ந்த பார்வையும் உள்ள சிலருக்குப் பொருந்தலாம். எல்லோருக்கும் பொருந்தாது. கிடங்கின் நெடியே சிலருக்குத் தாங்காது, திறமை வேறு பக்கம் இருக்கும். சேர்ப்பதற்கு முன் சில நாள் உடனிருந்து பார்ப்பதும், வேலையைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டுவதும், மேற்பார்வையாளர் ஒருவரையே நிலையாக வைப்பதும், மாற்றம் எதுவானாலும் முந்தின நாளே சொல்லிவிடுவதும் அவசியம். கூலி மற்றவர்களுக்கு உள்ளதுதான், தர்மச் சம்பளம் ஆகாது. 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பல பிரிவுகள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், தனியார் இடங்களை விட்டால் வேறு வாய்ப்பு குறைவு.

பதினெட்டு வயதுக்குப் பின் வரும் தேவைகளுக்கு நன்கொடையாளர் கிடைப்பது அரிது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999) ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் நிராமயா திட்டமும் அந்த அறக்கட்டளையுடையதே. நிராமயாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இயலாமைச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, பாதுகாவலர் மனு என்று காகிதங்கள் பல. நிறுவன ஊழியர்கள் தன்னார்வமாகத் தர விரும்பும் நேரத்தை மரம் நடுவதிலும் சுவருக்கு வண்ணம் பூசுவதிலும் கழிப்பதற்குப் பதிலாக, கணக்கும் படிவமும் தெரிந்த அவர்கள் மாதம் ஒரு முறை உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ உட்கார்ந்து இந்த மனுக்களை நிரப்பித் தரலாம்.