டாம் அண்ட் ஜெர்ரி டிஸ்க் வாங்கும் முன்...

அட்டையில் 'முழுத் தொகுப்பு' என்று அச்சிட்டிருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். ஹன்னாவும் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்த குறும்படங்கள் 114. ஏழு ஆஸ்கர் விருதுகளும் அவற்றுக்கே. பிறகு ஜீன் டெய்ச் எடுத்தவை 13, சக் ஜோன்ஸ் எடுத்தவை 34. சிறுவயதில் சிரிக்க வைத்தது யாருடைய படம் என்று பார்த்து வாங்குவது நல்லது. பிராகில் உருவான டெய்ச் படங்களின் விநோத ஓசைகள் எல்லாருக்கும் ஒத்துவராது.

2011-ல் வந்த 'கோல்டன் கலெக்‌ஷன்' முதல் தொகுதியில் 37 படங்கள் உண்டு. இரண்டாம் தொகுதியில் இனக் கேலி உள்ள இரண்டு படங்களை நீக்கப்போவதாக அறிந்து ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தத் தொகுதி கடைக்கே வரவில்லை!

அமெரிக்காவிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்களா? இங்குள்ள பிளேயரில் ஓடுமா என்று டிஸ்க்கின் மண்டலக் குறியீட்டைக் கவனியுங்கள். டிவிடிக்கு அங்கே 1, இந்தியாவில் 5. ப்ளூ-ரேவுக்கு அங்கே ஏ, இங்கே சி.

தொடக்க காலப் படங்கள் சதுரத்துக்கு நெருங்கிய வடிவம் கொண்டவை. அகலத் திரை டிவியில் இழுத்து நிரப்பினால் டாம் குண்டுப் பூனையாகிவிடும். ரிமோட்டில் 4:3 தேர்ந்தெடுங்கள். இருபுறமும் தெரியும் கறுப்புப் பட்டை கோளாறல்ல.

டிஸ்க்கை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவும்.

பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது. மற்ற கேசட்டுகளுக்கும் அது தொற்றிவிடும்.