ஏலத்தில் எடுத்த மூச்சுக்காற்று

அமெரிக்காவில் ஸ்கூபா முக்குளிப்பு பரவத் தொடங்கிய 1950-களில் சிலிண்டருக்குக் காற்றடைத்துத் தரும் கடைகள் அரிது. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட உயரழுத்தக் கம்ப்ரசர்கள் மலிவாகக் கிடைத்தன. முக்குளிப்பவர்கள் அவற்றை வாங்கி, வீட்டு கராஜில் நிறுத்தி, தாங்களே காற்றடைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்னும் ஓயவில்லை. அதைச் சுற்றிக் கிளம்பிய நம்பிக்கைகளும் ஓயவில்லை.

நம்பிக்கை: "மிலிட்டரி சரக்கு, சோடை போகாது."

செய்தபோது நல்ல சரக்குதான். அதை ஏன் கழித்தார்கள் என்பதே கேள்வி. அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் பொருளோடு ஓர் அட்டை கட்டியிருப்பார்கள். மஞ்சள் அட்டை என்றால் பயன்படுத்தத் தக்கது. பச்சை என்றால் பழுதானது, ஆனால் சரிசெய்யலாம். சிவப்பு என்றால் கழித்துக்கட்டியது. சாலை சிக்னலுக்குப் பழகிய கண்ணுக்குப் பச்சை தெம்பு தரும். இங்கே அது ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவேண்டிய சரக்கு. சரக்கு எண் 4310 என்று தொடங்கினால் அது கம்ப்ரசர், வேக்குவம் பம்ப் வகுப்பைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். என்ன வேலைக்குச் செய்தது என்று அறிய இயந்திரத்தில் பதித்த தகட்டையும் கையேட்டையும்தான் பார்க்கவேண்டும். கையேடு இல்லாமல் வரும் இயந்திரத்துக்கு நான் பாதி விலைகூடச் சொல்லமாட்டேன். ஏலமோ 'இருந்த இடத்தில், இருந்தபடி' என்ற நிபந்தனையில் நடப்பது. ஓட்டிக் காட்டச் சொல்லவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

நம்பிக்கை: "3,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் வருகிறது. அப்புறம் என்ன?"

ஆளைக் கொல்லக்கூடிய நம்பிக்கை இதுதான்.

ராணுவத்துக்கு உயரழுத்தக் காற்று பல வேலைகளுக்கு வேண்டியிருந்தது. விமானத்தின் காற்றுக் குடுவைகளை நிரப்ப, டார்பிடோவை ஏவ, நீர்மூழ்கி மேலே வரும்போது அதன் தொட்டிகளிலிருந்து நீரை வெளியேற்ற. இவற்றில் எதற்கும் நுரையீரல் கிடையாது. காற்றில் ஈரம் இல்லாமல் இருந்தால் இயந்திரத்துக்குப் போதும்.

மனிதருக்குப் போதாது. காற்றை அழுத்தினால் சூடேறும். அதனால்தான் மூன்று, நான்கு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு குளிரவைத்து அழுத்துகிறார்கள். குளிர்விக்கும் குழாயில் அழுக்கு அடைத்திருந்தாலோ, வால்வு ஒழுகினாலோ சூடு எல்லை மீறும். கம்ப்ரசரின் சிலிண்டர் சுவரில் படிந்த ஆயில் கருகும். கருகினால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஓடும் கம்ப்ரசர் என்றால் இன்னொரு வழியும் உண்டு: காற்று திசை மாறினால் எஞ்சினின் புகையையே அது உறிஞ்சிக்கொள்ளும். இந்த வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. 'முகர்ந்து பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால் ஆயில் வாடை இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் இதை இன்னும் மோசமாக்கும். 30 மீட்டரில் சுற்றழுத்தம் தரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. சிலிண்டரில் பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால், அந்த ஆழத்தில் அது தரையில் 40 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். அமெரிக்காவில் முக்குளிப்புக் காற்றுக்கான 'கிரேடு ஈ' தரம் அனுமதிக்கும் உச்ச அளவே அந்த 10 பங்குதான். 2014-இன் ஐரோப்பியத் தரத்தில் உச்ச அளவு 5 பங்குதான்.

ஆகவே கம்ப்ரசருக்குப் பின்னால் வரும் ஃபில்டர்தான் உயிர். அதில் வரிசை முக்கியம். முதலில் ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யுலர் சீவ், அதன் பின் ஆயில் ஆவியைப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் ஹாப்கலைட். ஈரம் பட்டால் ஹாப்கலைட் செத்துவிடும்; கரி மட்டும் போட்டால் கார்பன் மோனாக்சைடு தடையில்லாமல் போகும். ராணுவ இயந்திரத்தோடு ஒரு குப்பி வந்தால் அது பெரும்பாலும் ஈரம் உறிஞ்சும் குப்பி. அதைப் பார்த்து 'ஃபில்டரும் இருக்கிறது' என்று விலை கூட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை: "கேஜ் முள் ஏறுகிறது, எனவே இயந்திரம் நலம்."

வெளிவழியை மூடிவைத்தால் தேய்ந்த இயந்திரத்திலும் முள் மெல்ல ஏறிவிடும். ஒரு காலி சிலிண்டரை மாட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்க விமானப்படையின் எம்.சி.-1ஏ நிமிடத்துக்குச் சுமார் 15 கன அடி தரும் இயந்திரம். 80 கன அடி அலுமினிய சிலிண்டர் அதில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் நிரம்பவேண்டும். பத்து நிமிடம் ஆனால் பாதிக் காற்று பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இடைக்கட்ட கேஜ்கள் இதைவிட நன்றாகப் பேசும். 3,000 பி.எஸ்.ஐ. தரும் மூன்று கட்ட இயந்திரத்தில் முதல் கட்டத்துக்குப் பின் தோராயமாக 70, இரண்டாம் கட்டத்துக்குப் பின் 500 பி.எஸ்.ஐ. இருக்கும். முதல் எண் மட்டும் ஏறிக்கொண்டே போய் ரிலீஃப் வால்வு 'உஸ்' என்று திறந்தால், இரண்டாம் கட்டத்து வால்வு ஒழுகுகிறது. இந்தக் கேஜ்களைக் கழற்றிவிட்டு விற்கிறவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

நம்பிக்கை: "மீட்டரில் நூறு மணி நேரம்தான், புதுசு மாதிரி."

ஓடாமல் கிடப்பதும் கேடுதான். உள்ளே தங்கிய ஈரம் வால்வுத் தகட்டிலும் சிலிண்டர் சுவரிலும் துருவை ஏற்றும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும்.

நம்பிக்கை: "மோட்டார்தானே, மாட்டிக்கொள்ளலாம்."

கப்பலில் இருந்து வந்தது 440 வோல்ட் மூன்று ஃபேஸ், விமானத்தில் இருந்து வந்தது 28 வோல்ட் டி.சி.யாகவோ 400 ஹெர்ட்ஸாகவோ இருக்கலாம். சாதாரண அமெரிக்க வீட்டுக்கு இவை எதுவும் வருவதில்லை. மோட்டாரை மாற்றினால் கப்ளிங்கும் மாறும், சுற்று வேகமும் மாறும். வேகத்தைக் கூட்டினால் சூடும் கூடும். கார்பன் மோனாக்சைடு கதை திரும்பத் தொடங்கும்.

நம்பிக்கை: "நூறு டாலருக்கு எடுத்தேன், எப்போது விற்றாலும் லாபம்."

யானையை மலிவாக வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அல்லாடுவது இதுதான். மோட்டார், ஃபில்டர் கோபுரம், அதற்கு மேலே அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு, உயரழுத்தக் குழாய்கள், கேஜ்கள், லாரி வாடகை எல்லாம் சேர்த்து எழுதிப் பாருங்கள். பிறகு அதே அளவு காற்றுத் தரும் முக்குளிப்புக் கம்ப்ரசர் பழசாக விற்கும் விலையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி சிறிதாக இருந்தால் ராணுவச் சரக்கை விட்டுவிடுவதே கணக்கு.

மதிப்பை நிர்ணயிப்பது உதிரிப்பாகம். கடைசிக் கட்டப் பிஸ்டன் ரிங்கும் வால்வுத் தகடும் இன்னும் விற்பனையில் இருக்கிற மாடல் என்றால் அழுக்கேறிய இயந்திரத்துக்கும் பணம் கொடுக்கலாம். கிடைக்காத மாடல் என்றால் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றைப் பிரித்து மற்றதை ஓட்டவேண்டும். அப்போது விலையும் இரண்டு இயந்திரத்தின் விலைதான். முன்பு வாங்கியவர் ஆய்வகத்தில் எடுத்த காற்றுப் பரிசோதனைச் சான்று, தேதியோடு, கையில் இருந்தால் அதற்குத் தனியாகக் கூட்டிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் மோட்டாரையோ ஃபில்டரையோ மாற்றிய நாளில் அந்தச் சான்று காலாவதியாகிவிடும். புதிய மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை அந்தக் காற்றை கார் டயருக்கு அடித்துக்கொள்ளலாம்.