அபின் மயக்கமும் கைப்பேசிப் பாடமும்

ஹெராயின் முதலிய அபின் வகைப் போதையில் நெடுநாள் உழன்றவருக்குக் கவனமும் ஞாபக சக்தியும் தளர்வதுண்டு. பழக்கத்தை விட்ட மறுநாளே அவை திரும்பிவிடா. திருந்தி வந்த ஊழியர் கணக்கில் தடுமாறினால், சோம்பேறி என ஏசுமுன் வணிக அன்பர்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இத்தகையோருக்கான 'ரீசெட்-ஓ' என்னும் கைப்பேசிச் செயலிக்கு அமெரிக்க அரசு 2018 டிசம்பரில் அனுமதி வழங்கிற்று. வைத்தியர் சீட்டின் பேரில் 12 வாரம், பியூப்ரெனார்பின் மருந்துடன் சேர்த்தே பயிலவேண்டும். மருந்தை விட்டுச் செயலியை மட்டும் நம்புதல் ஆகாது. ஆசை கிளம்பும் சமயத்தை அறிந்து விலகும் வழியைச் சிறு பாடங்களும் கேள்விகளும் கற்பிக்கும்.

இப்பாடங்களைக் கணினியில் வைத்து 170 பேரிடம் நடத்திய சோதனையில், பயின்றோரில் 82.4 சதவீதத்தினர் சிகிச்சையில் நிலைத்தனர், ஏனையோரில் 68.4 சதவீதமே. போதை உபயோகம் குறைந்ததாக மட்டும் நிரூபணமாகவில்லை. தயாரித்த கம்பெனியோ, காப்புறுதியாளர் பணம் தர இசையவில்லை என முறையிட்டு, 2023இல் திவாலாயிற்று.