நீலத்தில் கழியுங்கள், பிறகு வகுங்கள்

கேள்வி: ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வேலையை விட்டுப் போன ஒருவர் லேப்வியூவில் எழுதிய புரோகிராம் இப்போது என் பொறுப்பு. அடுப்பில் சிப்புகளை வைத்து 1000 மணி நேரம் ஓட்டும் சோதனை அது. போன தடவை நடுவில் திடீரென்று ‘கழிந்த நேரம்’ மைனஸில் போய்விட்டது. உள்ளே பார்த்தால் நான்கைந்து வகை டைமர்கள். எதைத் தொடுவது, எதை விடுவது என்றே தெரியவில்லை. இதைச் சுருக்க வழி உண்டா?
– வாசகர், ஜுரு

பதில்: உண்டு. முதலில் அந்த மைனஸைப் பிடிப்போம்.

அந்த டைமர்களில் ‘டிக் கவுண்ட்’ தருவது மில்லிசெகண்ட் எண்ணிக்கை. 32 பிட்டில் அடங்கும் எண் என்பதால் 4294967295 வரை போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்கு 49 நாள் 17 மணி நேரம். உங்கள் 1000 மணி நேரமோ 41 நாள் 16 மணி நேரம். சோதனைக்கு முன்பே கணினி இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்தால், நடுவில் சுற்று முடிந்துவிடும்.

ஆனாலும் சுற்று முடிவது மட்டும் காரணமில்லை. பிளாக் டயகிரமைத் திறந்து, டிக் கவுண்டிலிருந்து கிளம்பும் வயரைப் பாருங்கள். நீலமாக இருக்கும், முழு எண். அதை 1000-ஆல் வகுத்த இடத்தில் ஆரஞ்சாக மாறியிருக்கும், தசம எண். முன்னவர் ஆரம்பம், இப்போது இரண்டையும் தனித்தனியே வகுத்து, செகண்டாக்கி, அப்புறம்தான் கழித்திருப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது இதுதான், நானும் செய்திருக்கிறேன்.

ஆரம்பம் 4294960000, இப்போது 5000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சில் கழித்தால் மைனஸ் 4294955 செகண்ட். நீலத்திலேயே கழித்தால் 32 பிட் கணக்கு தானே சுற்றிக்கொண்டு 12296 என்று சரியான விடை தரும். அதை 1000-ஆல் வகுங்கள்: 12.296 செகண்ட். கழித்தலை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 2004 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார விமானக் கட்டுப்பாட்டு மையம் மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானங்களோடு பேச முடியாமல் போனதற்குக் காரணம், இதே 49.7 நாள் கணக்குத் தீர்ந்துபோன ஒரு டைமர்.

இனிச் சுருக்கும் வேலை. உங்களுக்குத் தேவையானவை இரண்டே: ‘கொஞ்சம் பொறு’, ‘எவ்வளவு நேரம் ஆயிற்று?’

பொறுப்பதற்கு ‘வெயிட்’ போதும். ‘வெயிட் அன்டில் நெக்ஸ்ட் மல்டிபிள்’ வேறு ரகம். அது பட்டர்வொர்த் ஃபெர்ரி மாதிரி: நீங்கள் எப்போது வந்தாலும் அது தன் நேரத்துக்குத்தான் கிளம்பும். அதனால் முதல் சுற்றில் எவ்வளவு பொறுக்கும் என்று சொல்ல முடியாது. பத்து நிமிட ‘வெயிட்’ எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அது முடியும்வரை ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் லூப் நிற்காது. லூப்புக்குள் 100 மில்லிசெகண்ட் ‘வெயிட்’ ஒன்று வைத்து, நேரம் ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேளுங்கள்.

‘எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்ற கேள்வியை ஒரே சப்-விஐ (துணைப் புரோகிராம்) ஆக்குங்கள். ஆரம்பம், இப்போது என்று இரண்டு நீல உள்ளீடு. கழிந்த செகண்ட் ஒரு வெளியீடு. டிக் கவுண்டை ஒரு சீக்வென்ஸ் ஃபிரேமுக்குள் வைத்து, எரர் வயரை அந்த ஃபிரேம் வழியாக ஓட்டுங்கள். லேப்வியூவில் எது முன், எது பின் என்பதை வயர்தான் தீர்மானிக்கும். படத்தில் இடப்பக்கம் இருப்பதால் எதுவும் முதலில் ஓடாது. வயர் தொடாமல் தனியே கிடக்கும் டிக் கவுண்ட், அளவீட்டுக்கு முன்னாலும் ஓடலாம், பின்னாலும் ஓடலாம்.

தேதி, மணி காட்டும் செயல்பாட்டை ரிப்போர்ட்டில் அச்சிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக் கடிகாரத்தை யாராவது திருத்தினால் அது குதிக்கும். நாளை 2000 மணி நேரச் சோதனை வந்தால், அது 83 நாளுக்கு மேல். நீலக் கழித்தலும் தாங்காது. அப்போது ‘ஹை ரெசல்யூஷன் ரிலேட்டிவ் செகண்ட்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தியது சரிதானா என்று பார்க்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். சப்-விஐயைத் தனியே திறந்து, 4294960000, 5000 இரண்டையும் கையால் அடித்து ஓட்டுங்கள். 12.296 வந்தால் அடுப்பை மூடலாம்.