தறிக்குப் புதிய மாணவர் வரும் முதல் நாள்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு கற்க வருபவர்கள் பயிற்றுநரின் பேச்சைவிட அவருடைய கைகளைத்தான் முதலில் கவனிப்பார்கள். ஆகவே பாவு ஏற்றி, தார் சுற்றி, தறியை முன்கூட்டியே தயாராக வைப்பது நல்லது. வந்தவர்களை நிற்கவைத்துவிட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தால் பாதி மதிப்பு அப்போதே போய்விடும்.

பெயரைக் கேட்டு, அந்தப் பெயராலேயே அழைக்க வேண்டும். வயதில் மூத்தவர் மாணவராக வந்தால் ‘வாங்க, உட்காருங்க’ என்ற மரியாதை குறையக்கூடாது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பாவும் ஊடையும் தெரிந்திருக்கும், வெளியாளுக்குத் தெரியாது. கேட்டறியாமல் தொடங்கினால் ஒருவர் சலிப்பார், மற்றவர் மிரள்வார்.

சேலையின் கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வையை முதல் நாளே விளக்கப் புகுவது வீண். இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா, கூடவே ஓர் உதவியாள் என்று அது தேர்ந்த கைக்கே சவாலான வேலை. நன்னூல், கற்பிக்கத் தகாதவர்களில் ஒருவரைக் கழற்காய் நிரப்பிய குடத்துக்கு ஒப்பிடுகிறது. போட்ட வரிசை மாறிக் கொட்டும் குடம் அது; எளியதற்கு முன் கோர்வையைக் கற்பிப்பவரும் அப்படித்தான். கோர்வையை நெய்து காட்டலாம், அவ்வளவுதான்.

கற்பிக்க, அறுந்த இழையை முடிவது போதும். பட்டு விலை அதிகம். பருத்தி நூலில் தொடங்கினால் வீணாகுமே என்ற பயம் இருக்காது. முடிச்சு நழுவினால் மாணவரின் கையிலிருந்து இழையைப் பிடுங்காமல், பயிற்றுநர் வேறோர் இழையில் மெதுவாக மறுபடி செய்துகாட்ட வேண்டும். முடிச்சு நின்றதும் ஓரிரு சொல்லில் பாராட்டலாம். குழித்தறியில் உட்கார்ந்து பழகாதவருக்கு முதுகு வலிக்கும் என்பதால் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்வதும் அவசியம்.